மடியில் கிடத்தி வாசிக்கும் கிட்டார்

குறிகட்டுவான் பஸ் வேலணையைத் தாண்டி வாணர் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, "உந்த உப்புக் காத்துக்கு எந்தக் கம்பியும் நிக்காது, தம்பி" என்றார். ஆர்மோனியம், வயலின், பஜனைக்காரரின் டோலக் எல்லாம் திருத்துகிறவர். புங்குடுதீவில் ஒரு பழைய ஹவாயன் கிட்டாருக்கு விலை மதிக்கத்தான் அவரைக் கூட்டிப்போனேன்.

கிட்டாருக்குச் சொந்தக்காரர் இப்போது கனடாவில். ஒருகாலத்தில் கொழும்பில் கடை வைத்திருந்தவர். 1991 போர் இடப்பெயர்வோடு ஊர்வீட்டுச் சாமான்கள் போய்விட்டன. கிட்டார் அப்போது கொழும்பில் இருந்ததால் தப்பியது. பிறகுதான் தீவுக்கு வந்தது.

வாங்க வந்தவர் வேலணைக்காரர், மகனுக்காகப் பார்க்கிறார். கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளைத் தடவிப் பார்த்து முகம் மலர்ந்தார். "ஒண்டும் தேயேல்லை. புதுசு மாதிரி இருக்கு."

திருத்துபவர் சிரித்துவிட்டார். ஹவாயன் கிட்டாரில் ஃபிரெட் தேயாது. மடியில் கிடத்தி, கழுத்தின் தலைப்பில் உயரமான இரும்புத் துண்டை வைத்துக் கம்பிகளைத் தூக்கியிருப்பார்கள். மேலே உருக்குக் கட்டை வழுக்கிப் போகும். கம்பி ஃபிரெட்டைத் தொடவே தொடாது. ஜோசப் கெகுக்கு என்ற ஹவாய்ப் பையன் 1880-களின் இறுதியில் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வித்தை இது. 1940-களில் ஹவாயன் கிட்டார்க் கலைஞர் டாவ் மோ கல்கத்தாவில் தங்கியிருந்து வாசித்தபின் வங்காளத்தில் வேர்விட்டது. 1967-இல் பிரிஜ் பூஷண் காப்ரா 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் அதில் இந்துஸ்தானி இசையே வாசித்தார். நம் சித்திர வீணையிலும் ஃபிரெட் கிடையாது, கட்டைதான் ஓடும். ஆகவே அந்தச் சத்தம் நமக்கு அந்நியமில்லை.

கிட்டாரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நெடுகப் பார்த்தார் திருத்துபவர். பிறகு வாங்குபவரிடம் நீட்டி, "இஞ்சை பாருங்கோ, நடுவிலை குழிஞ்சிருக்கு" என்றார். சாதாரணக் கிட்டாராக மாற்றினால் பையனின் விரல் புண்ணாகும். மடியில் வைத்து வாசித்தால் அந்த வளைவு ஒரு குறையே இல்லை. முதுகுப் பலகையை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனவர், ஒரு மூலையில் சத்தம் மந்தமாகக் கேட்டதும் நின்றார். உள்ளே சட்டம் பசை விட்டிருந்தது. வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றி, இறுக்கிக் கட்டி வைத்தால் பிடிக்கும். முறுக்காணிகளில் துரு, அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும்.

எனக்குப் பிடித்தது, விலையை அவர் இரண்டாகச் சொன்னதுதான். மகனுக்கான கிட்டார் என்றால் பத்தாயிரம்கூடப் பெறாது. ஹவாயன் கிட்டாராகவே வைத்திருப்பதென்றால் முப்பதுக்குக் கீழே கேட்கக் கூடாது. தரகுக்காரர் வாயில் இப்படி ஒரு கணக்கு வராது.

வேலணைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானே பழகிறன், விடுங்கோ" என்றார். கனடாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தோம். இருபத்தெட்டில் தீர்ந்தது. ஆனால் உருக்குக் கட்டையைக் காணவில்லை; அலுமாரி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார் வாங்கியவர். யாழ்ப்பாணத்தில் தெரிந்த லேத் பட்டறையில் ஒன்று கடைந்து தருவதாகத் திருத்துபவர் பொறுப்பேற்றார், கூலி அந்த ஆயிரத்துக்குள்.