கடல் பறவையின் கூட்டைப் பார்க்க ஆசையா? முதல்ல இதைப் படிங்க!

“கடல் பறவைகள் கூட்டமா கூடு கட்டுற இடங்கள் எவை? ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கிற மாதிரி அஞ்சு இடம் எழுது.” எங்கள் டெஸ்க்கில் எனக்கு வந்த வேலை இது. மறைமலை நகரில் என்னோடு ரூமில் இருக்கும் தோழிக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. வாரத்தில் ஒருநாள்தான் லீவு. “லிஸ்ட் ரெடியானா முதல்ல எனக்குச் சொல்லுடி” என்றாள்.

தேட ஆரம்பித்ததுமே ஒரு விஷயம் புரிந்தது. குளிர்காலத்தில் நம் கடற்கரையில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் கடற்காகங்கள் இங்கே முட்டையிடுவதே இல்லை. உதாரணத்துக்கு, பழுப்புத்தலைக் கடற்காகத்தின் பிறந்த வீடு மத்திய ஆசியாவின் உயரமான ஏரிகள். நம்ம ஊருக்கு அது குளிருக்கு ஒதுங்க வரும் விருந்தாளி.

நம் பக்கம் முட்டையிடும் கடல் பறவைகளில் முக்கியமானவை ஆலாக்கள். அவற்றின் கூட்டைப் பார்த்தால், ‘இதுவா கூடு?’ என்று கேட்பீர்கள். மணலில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். குச்சி, புல் எல்லாம் பெரும்பாலும் கிடையாது. முட்டையும் மணல் நிறத்தில், புள்ளி புள்ளியாக இருக்கும். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, காலுக்கு அடியில் போனால்தான் தெரியும்.

வெயில் ஏறும்போது தாய்ப்பறவை முட்டை மேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. சில ஆலாக்கள் கடலுக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். இந்த நேரத்தில் நாம் ஒரு போட்டோவுக்காகப் பக்கத்தில் போனால், மொத்தக் கூட்டமும் பதறி எழும்பிவிடும். சுடுமணலில் முட்டை வேகும். இல்லையென்றால் காக்கா கொத்திவிடும். நாம் அரைமணி நேரம் ரசித்துவிட்டு வந்ததற்கு அந்தப் பறவையின் அந்த வருஷமே போய்விடும்.

அதனால்தான் நாயும் நரியும் மனிதனும் வராத இடங்களாகப் பார்த்து அவை முட்டையிடுகின்றன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருக்கும் மணல் திட்டுகள் அப்படிப்பட்டவை. லட்சத்தீவில் கவரத்திக்கு வடமேற்கே இருக்கும் பிட்டி என்ற மணல் தீவும் அப்படித்தான். ஆள் குடியில்லாத அந்தத் தீவை 1995-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மகாராஷ்டிரத்தில் வெங்குர்லா கடற்கரைக்கு எதிரே இருக்கும் பாறைத் தீவுகளிலும் ஆலாக்கள் முட்டையிடுகின்றன.

ஆக, லிஸ்ட்டுக்கு மூன்று இடம் கிடைத்துவிட்டது. ஆனால், “போய்ப் பாருங்கள்” என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

“அப்ப எதையுமே பார்க்க முடியாதா?” என்று தோழிக்குக் கோபம். பார்க்கலாம். அதற்கு இரண்டு வழி.

கடல் பறவை வேண்டுமா?

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். எங்கள் ஊரிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் - முட்டுக்காடு முகத்துவாரம் பக்கம். கடற்காகங்களும் ஆலாக்களும் மணலில் ஓய்வெடுக்கும். நேரம் இருந்தால் பழவேற்காடு, கோடியக்கரை. அப்போது அவற்றுக்கு முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. கூட்டத்துக்குள் ஓடிக் கலைக்காமல், தள்ளி நின்று பார்த்தால் போதும்.

கூடு பார்க்க வேண்டுமா?

எங்கள் ஊரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் போய், படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல். மொத்தம் சுமார் 40 கி.மீ. இங்கே வருபவை கடல் பறவைகள் இல்லைதான். ஆனால் நீர்க்காகம், கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் என்று ஒரே மரத்தில் பல குடும்பம். ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு, கரையில் நாம், நடுவில் தண்ணீர். யாரும் “கிட்ட போகாதே” என்று சொல்லவே தேவையில்லை.

போன ஜனவரியில் தோழியை அழைத்துப் போனேன். பைனாகுலரில் ஒரு கூழைக்கடா குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீன் எடுத்ததைப் பார்த்தவள், அப்புறம் பைனாகுலரை எனக்குத் தரவே இல்லை.

அந்த ஏரியை முதலில் காப்பாற்றியது சட்டம் அல்ல, ஊர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்புக்கு எழுத்து மூலமாகவே உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் தவிர்க்கிறார்கள். 2022-ல் இந்த ஏரி ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

கடைசியாக ஒன்று. கோடையில் ஆளில்லாத கடற்கரையில் நடக்கும்போது, ஒரு ஆலா கத்திக்கொண்டே உங்கள் தலைக்கு மேல் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் வீடியோ எடுக்க நிற்காதீர்கள். உங்கள் காலுக்குப் பக்கத்தில் எங்கேயோ அதன் முட்டை இருக்கிறது. வந்த காலடித் தடத்தின் மேலேயே மெதுவாகத் திரும்பி நடங்கள். அந்த லொக்கேஷனை யாருக்கும் ஷேர் பண்ணாதீர்கள்.