இரவு இரண்டு மணி

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நோயாளியைப் பற்றியே விசாரிக்கிறார்கள். நாமும் அப்படித்தான் விசாரித்தோம். அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றும், இனி வலியைத் தணிப்பதன்றிச் செய்வதற்கு வேறில்லை என்றும் சொல்லி வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் வெள்ளிதோறும் பாடசாலை முடிந்து, வன்னியிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் வருவோம்; படலையைத் திறக்கும்போதே "அம்மா எப்பிடி?" என்று கேட்போம். கனடாவிலிருக்கும் அண்ணரும் தொலைபேசியில் அதையே கேட்பார். பணமும் அனுப்பினார், புத்திமதியும் அனுப்பினார்.

படுக்கையருகே இருந்தவர் அக்கா. முன்பள்ளியிலே சொற்ப வேதனத்துக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவர், அதையும் விட்டுவிட்டார். விடும்படி யாரும் சொல்லவில்லை. விடவேண்டாமென்றும் யாரும் சொல்லவில்லை. எம்முடைய உத்தியோகத்தை நாம் விடுவதென்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மோர்பீன் திரவத்தை நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை கொடுக்கவேண்டும். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து, பின்பு நடுச்சாமம் தாண்டி இரண்டு. மூன்று மாதம் அக்கா அந்த இரண்டு மணிக்கு எழும்பினார். ஊரார் அவரைப் பொறுமையின் திருவுருவம் என்றார்கள். அந்தப் புகழ்ச்சிக்குப் பிறகு அவர் எப்படி வாய்திறந்து அலுத்துக்கொள்வது?

ஒருநாள் கிணற்றடியில் வைத்து எம்மிடம் சொன்னார்: "தம்பி, கெதியா முடிஞ்சாக் காணும் எண்டு ராத்திரி நினைச்சிட்டன். பெத்த தாயை இப்பிடி நினைக்கலாமே?" நமக்குப் பதில் தெரியவில்லை. சமூகத்தைப் பற்றி மேடைகளில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். அன்று வாளியைக் கிணற்றுக்குள் விட்டுத் தண்ணீர் அள்ளினோம்.

பதில் சொன்னவர் வீட்டுக்கு வந்த ஒரு தாதி. அவர் அம்மாவைப் பார்த்து முடித்தபின் அக்காவின் பக்கம் திரும்பி, "நீங்கள் எத்தினை மணித்தியாலம் நித்திரை கொள்ளுறியள்?" என்று கேட்டார். பின்பு வைத்தியரோடு கதைத்து, படுக்கும் வேளையில் இரட்டிப்பு அளவு கொடுத்து இரண்டு மணி மருந்தைத் தவிர்க்கலாம் என்ற உத்தரவைப் பெற்றுத் தந்தார். இது புதிய கண்டுபிடிப்பல்ல. வைத்திய உலகம் நெடுங்காலமாக அறிந்த முறை. கேட்பார் இல்லாததால் மூன்று மாதம் எம் வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. கிணற்றடிக் கேள்வியையும் அக்கா அவரிடம் கேட்டார். "வலி முடியவேணும் எண்டுதான் நினைச்சனீங்கள். அப்பிடி நினையாத ஆக்களை நான் கண்டதில்லை" என்றார் தாதி. அக்கா அன்றுதான் அழுதார்.

தாதியாகவும், சமூக சேவையாளராகவும், பின்னர் வைத்தியராகவும் பணிபுரிந்த சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவினார். வலி உடலுக்கு மாத்திரம் உரியதன்று, மனத்துக்கும் உறவுக்கும் உரியது என்பது அவர் கண்ட உண்மை. குடும்பத்தினருக்கு நோயின்போதும் மரணத்தின் பின்பும் துணைநிற்பது இப்பராமரிப்பின் பகுதியே என்று உலக சுகாதார நிறுவனம் 2002இல் வரையறுத்தது. பராமரிக்கும் குடும்பங்களுக்கு ஆதரவளிக்குமாறு 2014இல் உலக சுகாதாரப் பேரவையும் நாடுகளைக் கேட்டது. கேரளத்தில் 2008இல் மாநில அரசே இதற்கென ஒரு கொள்கை வகுத்தது. உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் தாதியர் வீடுவீடாகச் செல்கின்றனர்.

நமது நாட்டின் இலவச வைத்தியத்தைப் பற்றி நாம் பெருமைப்படுகிறோம். அது நியாயமான பெருமையே. ஆனால் வைத்தியசாலைக் கட்டில் வீட்டுக்குள் வரும்போது, அதனருகே நிற்கும் பெண்ணின் உழைப்பும் இலவசமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதை அன்பு என்று அழைத்துவிட்டால் கணக்குக் கேட்க யாருமில்லை. அன்பில்லையென்று நாம் சொல்லவரவில்லை. அன்புள்ளவர்களுக்கும் நித்திரை வேண்டும்; கைமாறிக்கொள்ள இன்னொருவர் வேண்டும்; இழந்த வேதனத்துக்கு ஒரு வழி வேண்டும்.

அம்மா போய் ஒன்பது மாதமாகிறது. முப்பத்தோராம் நாளோடு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அக்கா இப்போதும் இரண்டு மணிக்கு எழும்பிவிடுகிறார். விடுமுறையில் நாம் நிற்கும் நாட்களில் நாமும் எழும்பித் தேநீர் வைக்கிறோம்.