மூன்று பாட்டில் தண்ணீர்

எங்கள் திருநெல்வேலிக்காரர்களிடம் எதைக் குறை சொன்னாலும் பொறுத்துக் கொள்வார்கள். தண்ணீரைக் குறை சொன்னால் மட்டும் போச்சு! "அல்வாவுக்கு ருசி வேறு எங்கேயிருந்து வந்ததாம்?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். நானும் அந்த ரகம்தான். வாக்கப்பட்ட ஊர் தூத்துக்குடி என்றாலும், அங்கே குழாயில் வருவதும் தாமிரபரணிதானே என்று மனசைத் தேற்றிக் கொள்கிறவள்.

2024 பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்குப் போனேன். பஸ் வல்லநாடு, பாளையங்கோட்டை தாண்டி, 1843-ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறியதும் வழக்கம்போல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பொதிகை மலையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று வயல்களை நனைத்து, புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆறு. மொத்தமே 128 கிலோ மீட்டர்தான். பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே! அன்றைக்குச் சாதுவாக ஓடிக் கொண்டிருந்தது. ஆனால் கரையோர முட்செடிகளில் தொங்கிய கந்தல் துணிகளும் பிளாஸ்டிக் பைகளும், முந்தின மாதம் அது ஆடிய ஆட்டத்தைச் சொல்லின.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை இந்தச் சீமையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் கொட்டியது. ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடித்தது. அதற்குக் கொஞ்ச தூரத்தில்தான் எங்கள் வீடு. முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கிணற்றின் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏறி, உள்ளேயும் இறங்கிவிட்டது.

நான் போனபோது வீடு கழுவிக் கோலம் போட்டுப் பளிச்சென்றிருந்தது. ஆனால் தம்பி மகள், நாலு வயசுக் குழந்தை, வாடிக் கிடந்தாள். மூன்று வாரத்தில் இரண்டாவது தடவையாக வயிற்றுப்போக்கு. "அத்தை" என்று கூப்பிடக்கூடக் குரல் எழும்பவில்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கொடுத்த டாக்டர், "மொதல்ல வீட்டுத் தண்ணியப் பாருங்கம்மா" என்றாராம்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, அம்பது வருசமா இந்தக் கிணத்துத் தண்ணியத்தான் குடிக்கேன். நீயும் இதைக் குடிச்சுத்தான வளந்த? ஒனக்கு என்ன கொள்ளையா வந்துச்சு? அதுலயும் நான் செப்புக் குடத்துலல்லா வச்சிருக்கேன்!"

செம்பில் இரவு முழுவதும் வைத்த தண்ணீரில் கிருமி குறைவது ஆராய்ச்சியில் கண்ட உண்மைதான். ஆனால் அம்மா காலையில் இறைத்துக் காலையிலேயே குடிப்பவள். வெள்ளம் புகுந்த கிணற்றுக்குச் செப்புக் குடத்தை நம்ப முடியுமா? வாக்குவாதம் வேண்டாம், சோதித்தே பார்த்துவிடலாம் என்றேன். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் தண்ணீர் ஆய்வுக்கூடம் உண்டு. லீவு முடிந்து ஆபீஸ் திறந்ததும் தம்பியோடு போய் விசாரித்தேன்.

காப்பி பாட்டிலைக் கழுவி எடுத்துப் போனால் ஆகாதாம். கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். குழாய்த் தண்ணீருக்கு உள்ளே ஒரு மருந்து போட்டிருப்பார்கள், குளோரின் பாட்டிலுக்குள்ளும் வேலை செய்து கணக்கைத் தப்பாக்கிவிடாமல் இருக்க. குழாயின் வாயைத் துடைத்து, தீயில் காட்டி, இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தைத் தொடவே கூடாது. கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும்.

மூன்று பாட்டில் எடுத்தோம். கிணறு ஒன்று, தெருக் குழாய் ஒன்று. மூன்றாவது, என் யோசனைப்படி மதினி காய்ச்சி ஆற வைத்திருந்த மண்பானைத் தண்ணீர். அது எதற்கு என்றால், அம்மா முன்னால் என் கட்சி ஜெயிக்க வேண்டுமே!

சில நாள் கழித்து முடிவு வாங்கப் போனபோது, அங்கிருந்த பெண்மணி பொறுமையாக விளக்கினார். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று ஒவ்வொரு கிருமியையும் தேடிக் கொண்டிருக்க முடியாதாம். மனிதர், மாடு இவற்றின் குடலில் வாழும் ஈ.கோலி என்ற ஒன்றைத் தேடுகிறார்கள். 1885-ல் எஷெரிக் என்ற ஜெர்மன் டாக்டர் கண்டுபிடித்தது. அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வழியாக மற்றதும் வரலாம். குடிக்கிற தண்ணீரில் 100 மில்லி எடுத்தால் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

பால் சர்க்கரை சேர்த்த ஊதா நிறக் கரைசலில் தண்ணீரை விட்டு, உடம்புச் சூட்டில் வைக்கிறார்கள். இந்த வகைக் கிருமி இருந்தால், நம் இட்லி மாவு புளித்துப் பொங்குவது போலப் புளித்து, கரைசல் மஞ்சளாகி, உள்ளே கவிழ்த்து வைத்த குட்டிக் குழாயில் வாயு சேர்கிறது. அப்புறம் ஒரு தட்டில் வளர்த்து உறுதி செய்கிறார்கள். ஈ.கோலி என்றால் பச்சையாக, பொன்வண்டுச் சிறகு மாதிரி மினுமினுக்கும்.

அந்தத் தட்டில் உறைந்திருந்தது நம் கடற்பாசி! 1881-ல் ஜெர்மனியில் கோக் என்ற மேதையிடம் வேலை பார்த்த ஹெஸ் என்பவருக்கு, ஜெலட்டின் வெயிலில் உருகிப் போய்த் தொல்லையாக இருந்தது. அவர் மனைவி ஃபேனி, தான் பலகாரம் உறைய வைக்கும் கடற்பாசியைப் போட்டுப் பார்க்கச் சொன்னாராம். சமையலறை யோசனை, இன்றைக்கும் உலகம் பூராவும் நிற்கிறது! நம் தாமிரபரணி விழுகிற மன்னார் வளைகுடாவில் இதே பாசியை மூழ்கி எடுப்பவர்களும் பெண்கள்தான்.

சரி, முடிவுக்கு வருகிறேன். தெருக் குழாய் தேறிவிட்டது. கிணறு தேறவில்லை. காய்ச்சிய பானைத் தண்ணீர்? அதுவும் தேறவில்லை!

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. "எதால மொண்டு குடிக்கிறீங்க?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். அப்போதுதான் புரிந்தது. அகன்ற வாய்ப் பானை, காதில்லாத சொம்பு. ஒவ்வொரு தடவையும் விரல் நனையும். குழந்தையும் தம்ளரை முக்கி எடுப்பாள். அவசரத்தில் நானும் சோப்புப் போடாத கையால் மொண்டிருக்கிறேன். காய்ச்சியபோது செத்த கிருமிக்குப் பதிலாக, எங்கள் கை புதுசாகக் கொண்டு போய் விட்டிருக்கிறது.

அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக் கொண்டே, "நான்லா இவளுக்கு வம்படியா கெணத்துத் தண்ணியக் கொடுத்தேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது. "தப்பு நம்ம ரெண்டு பேர் பேர்லயுந்தாம்மா" என்றேன்.

அன்றைக்கே டவுனுக்குப் போய் அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் வாங்கினோம். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிஷம் அடுப்பில் இருக்க வேண்டும். மூடியே ஆற வேண்டும். கை உள்ளே போகக் கூடாது. கிணற்றை முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, சுகாதாரப் பணியாளர் சொன்னபடி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். சாதாரணக் காலத்தில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அளவை அவர்களிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

மாசி மாதம் அம்மா போன் பண்ணினாள். கிணற்றுத் தண்ணீரை மறுபடி சோதனைக்குக் கொடுத்தாளாம். பாட்டிலைத் தம்பியிடம்கூடக் கொடுக்காமல், மடியில் வைத்து ஆட்டோவில் தானே கொண்டு போனாளாம்.

"தேறிட்டுட்டீ!" என்றாள், நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அன்று சொன்ன அதே குரலில். "ஆனாலும் காய்ச்சித்தான் குடிக்கோம். பிள்ளை சொம்பைத் தொட்டா போதும், நான் சத்தம் போட்டுருவேன்."

பின்னாலிருந்து "அத்தை, எப்ப வருவீங்க?" என்று ஒரு குரல். நன்றாகக் கணீரென்றுதான் இருந்தது.