செக்ரோல் குறிப்புகள்

தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) உள்ள கொழுந்துக் கணக்கு. 400 பேர், நாளுக்கு மூன்று நிறுவை, மாதம் 25 நாள் என்று வைத்தால் மாதத்துக்கு 30,000 வரிகள். பத்து வருடத்தில் 36 இலட்சம். டேட்டாபேஸுக்கு இது பாரமே இல்லை. அதை அப்படியே வாரி வலைச் செயலிக்குள் கொட்டும்போதுதான் மூச்சு முட்டுகிறது.

*

பிஎச்பிக்கு வழமையான மெமரி எல்லை 128 எம்பி. மைஎஸ்கியூஎல் விடையை நாம் ஒவ்வொரு வரியாக எடுத்தாலும், முழு விடையும் முதலிலேயே மெமரியில் வந்து குந்திவிடும். லூப்பைத் திருத்திப் பயனில்லை. பஃபர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வர வர சிஎஸ்வியில் எழுதிக்கொண்டே போக வேண்டும். அப்படி வாசித்து முடியும்வரை அதே கனெக்ஷனில் வேறு குவெரி ஓடாது. அதனால் ஆளின் பெயரை ஜொயின் போட்டு முதலே எடுத்துவிடு.

*

"அக்காவுக்குப் போன மாசம் எத்தனை பேர், எத்தனை கிலோ?" பேர் என்றால் பதிவான வேலைநாள். கிளாக்கர் கேட்பது இவ்வளவுதான். கூட்டலை டேட்டாபேஸே செய்யட்டும்: முழுத் தோட்டத்துக்கும் 30,000 வரிக்குப் பதில் 400 வரி வரும். சம்பளத்துக்கு மட்டும் ஒவ்வொரு நாளையும் அந்தந்தத் திகதியின் வீதத்தால் பெருக்க வேண்டும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாயானது. அதற்கு முந்திய நாளைப் புதிய வீதத்தால் பெருக்கினால் கணக்கே பிழை.

*

பக்கம் பிரிப்பதுதான் உண்மையான வில்லங்கம். பக்கத்துக்கு 50 வரி என்றால், 2000ஆம் பக்கத்தைக் காட்ட ஆஃப்செட் 99,950 வரிகளை எண்ணித் தள்ளிவிட்டுத்தான் 50ஐத் தரும். தாமதத்தைக்கூடப் பொறுக்கலாம். புதிய நிறுவை மேலே வந்து விழுந்தால் பார்த்த வரி அடுத்த பக்கத்தில் திரும்ப வரும். மேலே ஒன்றை அழித்தால் பார்க்காத வரி ஒன்று நழுவிப்போகும். நழுவுவது ஒரு பெண் வெயிலிலும் மழையிலும் பறித்த கிலோ. இதை நான் சின்ன விஷயமாக எடுக்க மாட்டேன்.

கடைசியாகக் காட்டிய வரியை நினைவில் வைத்து, 'இதற்கு அடுத்த 50' என்று கேட்பதே சரி. திகதி மட்டும் போதாது: ஒரே திகதியில் 1,200 வரிகள் இருக்கின்றன. திகதியும் வரி இலக்கமும் சேர்ந்தே அடையாளம். இண்டெக்ஸும் அதே ஒழுங்கில். 37ஆம் பக்கத்துக்கு நேரே பாய முடியாதுதான். ஆனால் கிளாக்கர் 37ஆம் பக்கத்தைக் கேட்பதில்லை, ஓகஸ்ட் மாதத்தைக் கேட்கிறார்.

*

இப்படிப் பக்கம் பிரிப்பதைக் கண்ணால் பார்க்க நூலகம் தளத்துக்குப் போகலாம். 2005இல் தொடங்கிய நம் எண்ணிம நூலகம், மீடியாவிக்கியில் ஓடுகிறது. மீடியாவிக்கி ஒரு பகுப்பில் 200 தலைப்புகளைக் காட்டும். அடுத்த பக்கத்துக்கான இணைப்பில் பக்க எண் இல்லை, தொடங்க வேண்டிய தலைப்பே இருக்கும்.

*

மொத்த எண்ணிக்கையைத் திரையில் காட்டாதே. இன்னோடிபி அந்தத் தொகையை வைத்திருப்பதில்லை, கேட்கும்போதெல்லாம் எண்ணும். 51 வரி கேள், 50ஐக் காட்டு. 51ஆவது இருந்தால் 'அடுத்தது' பொத்தான்.

*

சம்பளம் போட்டு முடிந்த மாதங்களின் கூட்டுத்தொகையைத் தனி அட்டவணையில் ஒரு முறை எழுதி வைக்கலாம். பழைய நிறுவை ஒன்றைத் திருத்தினால் அந்த மாதத்தை உடனே மறுபடி கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஈபிஎஃப் தொகையும் பிழையாகும். திருத்தமும் மறுகூட்டலும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள்.