அன்னை தந்த மோதிரம்

பெருமுக்கல் குன்றின் குகையில், பண்டை மாந்தர் பாறையில் கீறிய உருவங்கள் இன்றும் உள்ளன. கீறியவர் யாரென்று எவரும் அறியார். கீறல் மட்டும் நிலைத்துவிட்டது. சென்ற ஆண்டு அக்குன்றின் அடிவாரத்து வீடொன்றை மந்திரிக்கச் சென்றபோது, பொன்னில் பொறித்த எழுத்தை இழந்து வருந்திய அன்பர் ஒருவரைக் கண்டோம்.

அவர் சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்று, அங்கே உயர்நிலைப் பள்ளியை முடித்தவர். பள்ளியின் பெயரும் தேர்ச்சி ஆண்டும் பொறித்து, நடுவில் வண்ணக்கல் பதித்த மோதிரத்தை இறுதி வகுப்பு மாணவர் அணிவது அந்நாட்டு வழக்கம். 1835-இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் தோன்றிய வழக்கம் அது. அன்பரின் தாயார் இரவுப்பணி செய்து சேர்த்த பணத்தில் வாங்கித் தந்த மோதிரம், முந்தின விடுமுறையில் மரக்காணம் கடலில் நீராடியபோது நழுவிற்று. தாயாரும் மறைந்துவிட்டார். செய்த நிறுவனமோ அவ்வடிவத்தை நிறுத்திவிட்டது.

"பொருள்தானே, போகட்டும்" என்று ஆறுதல் கூறினோம். அவர் தலைகுனிந்தார். "இல்லை சாமி, அதே மோதிரம் வேண்டும்" என்றார்.

திண்டிவனத்தில் நாமறிந்த பொற்கொல்லரிடம் அழைத்துச் சென்றோம். வகுப்புத் தோழர் ஒருவர் தம் மோதிரத்தை அனுப்பி உதவினார். சின்னத்தைப் பொறிக்கப் பள்ளியின் இசைவும் கிடைத்தது. "இதிலிருந்தே அச்செடுக்கலாமன்றோ?" என வினவினோம். பொற்கொல்லர் நகைத்தார். "வார்த்த பொன் ஆறும்போது சுருங்கும் சாமி. நகல் அளவில் குறையும். தேய்ந்த எழுத்தும் தேய்ந்தபடியே வரும். மெழுகில் புதிதாய்ச் செதுக்க வேண்டும்" என்றார். 24 பங்கில் 10 பங்கே பொன் என்றறிந்து வியந்தார். 22 பங்கில் பழகிய கை அல்லவா! ஆயினும் நாள்தோறும் அணிவதற்கு அக்கலப்பே உறுதி என்று ஒப்பினார்.

மோதிரம் வந்தது. கல்லும் எழுத்தும் ஆண்டும் பிசகவில்லை. விரலில் இட்ட அன்பரின் கண்கள் கலங்கின. "எல்லாம் சரி சாமி, ஆனால் இது அம்மா தந்ததில்லையே!" என்றார். நாம் ஊமையாய் நின்றோம்.

பொற்கொல்லரே வாய் திறந்தார்: "அம்மாவின் பொன் ஏதேனும் உண்டா?"

ஒற்றைத் தோடு ஒன்று இருந்தது. ரப்பர் அச்சு கைவசம் இருந்ததால், மோதிரத்தை உருக்கி, தோட்டின் பொன்னையும் சேர்த்து, கலப்பைச் சரிசெய்து மீண்டும் வார்த்தார். வெஸ்ட் பாயிண்டிலும் இந்நூற்றாண்டின் தொடக்கமுதல், மறைந்த பழைய மாணவரின் மோதிரங்களை உருக்கிப் புதியவர்களின் மோதிரப் பொன்னோடு கலக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தோம். திண்டிவனத்துப் பொற்கொல்லர் அதை யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை.

அன்பு வாசகரே, இறந்தோர் தந்த பொருளை இழந்து நம்மிடம் வருந்துவோர் பலர். "பொருள்தானே" என்று நாம் இப்போதெல்லாம் கூறுவதில்லை. "அவர்கள் விட்டுச் சென்றது வேறென்ன இருக்கிறது?" என்றே கேட்கிறோம்.