வரைந்தவன் அல்லன், வரைந்தவள்

நூலகத்திலே, பிரெஞ்சு அச்சோவியங்கள் பற்றிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண், எழுதி முடித்த கடிதத்தின் உறையை உதட்டருகே பிடித்து ஒட்டுகிறாள். நாணமுமில்லை, நளினமுமில்லை, கருமமே கண்ணான முகம். “இதை வரைந்தவன் பெண்ணைப் பொம்மையாகக் காணாதவன்” என்று குறிப்பேட்டிலே எழுதினேன். பிறகுதான் பெயரைப் பார்த்தேன்: மேரி கசாட்!

தோழர்களே! பெண்ணுரிமைக் கூட்டங்களிலே கை வலிக்கத் தட்டியவன் நான். பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். ஆயினும் கலை என்றதும் என் பேனா என்னைக் கேளாமலே ‘ன்’ போட்டுவிட்டது. வெட்கத்தோடு ‘ள்’ எனத் திருத்தினேன்.

அமெரிக்காவிலே பிறந்து பாரிசிலே வாழ்ந்த அம்மையார், 1890இல் அந்நகரின் அரசுக் கலைப் பள்ளியிலே சப்பானிய அச்சோவியக் காட்சியைக் கண்டார். அந்தப் பள்ளி பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொண்டது 1897இல்தான்! சுவரிலே பெண்ணின் படம் தொங்கலாம். வகுப்பிலே பெண் அமரலாகாது. நல்ல நியாயம்! மறு ஆண்டே பத்து வண்ண அச்சோவியங்களைக் காட்சிக்கு வைத்தார் மேரி. செப்புத் தகட்டை ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து, வண்ணத்தைக் கையால் தடவி, அச்சாளர் ஒருவரின் துணையோடு ஒவ்வொன்றிலும் 25 படிகள் எடுத்தார். மெல்லியலார் பொழுதுபோக்கா இது? மை படிந்த உழைப்பு!

அவருடைய நண்பர் தெகா, 1880ஐ ஒட்டி, லூவர் கூடத்திலே குடையூன்றி நிற்கும் மேரியையே அச்சோவியமாக்கினார். தெரிவது முதுகுதான். அந்த முதுகே சொல்லிவிடுகிறது: பார்க்கப்பட வந்தவளல்லள், பார்க்க வந்தவள். அதே தெகா, மேரி வரைந்த குளிக்கும் பெண்ணைக் கண்டு, பெண்ணுக்கு இத்துணைக் கைத்திறமா என ஒப்ப மனமின்றி முணுமுணுத்தார் என்றொரு கதையும் வழங்குகிறது.

1865இல் பிறந்த சுசான் வாலதோன் சலவைத் தொழிலாளியின் மகள். ரெனுவார், துலூஸ் லோத்ரெக் போன்றோர் வரைவதற்காகக் கூலிக்கு அசையாது நின்றவர். நின்றபடியே கற்றார்! 1895இல் அந்தத் தெகாவின் அச்சுப்பொறியிலேயே தம் தகடுகளை அச்சிட்டார். அவற்றிலும் குளிக்கும் பெண்கள்தாம். ஆனால் தேவதைகள் அல்லர். தொட்டியருகே குனிந்து உடல் துடைப்பவர்கள். அருகே முதிய வேலைக்காரி. எவர் பார்வைக்காகவும் அவர்கள் நிற்கவில்லை. நின்று நின்று கால் கடுத்தவருக்கல்லவா தெரியும் அந்த வேறுபாடு!

நாளை இந்தப் படங்களை வகுப்புக்குக் கொண்டுசெல்கிறேன். பெயரை மறைத்துவிட்டு, வரைந்தது யார் எனக் கேட்பேன். பிள்ளைகள் எந்த விகுதி போடுகிறார்கள், பார்க்கவேண்டும்.