கவலைக்கும் ஒரு நேரம்

புற்றுநோய்க்காக மகரகமைக்குப் போய்வரும் எனக்கு, கீமோவை விட ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்கள்தான் பெரும் பாரம். "கவலைப்படாதீங்க டீச்சர்" என்கிறீர்கள். உளவளத்துணையாளரோ, "கவலையை விரட்டாதீங்க, நேரம் ஒதுக்குங்க" என்றார். சீபிடி எனும் பேச்சுச் சிகிச்சையில் இதுவும் ஒரு பயிற்சியாம்.

அஸருக்குப் பிறகு 15 நிமிடம். கொப்பியின் ஒரு பக்கத்தில் இன்றைக்குச் செய்யக்கூடியவை: டொக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி, மகனின் கிளாஸ் காசு. மறுபக்கத்தில் என் கையில் இல்லாதது: "திரும்பவும் வருமா?"

முதலாவதைச் செய்கிறேன். இரண்டாவதை துஆவில் ஒப்படைத்துக் கொப்பியை மூடுகிறேன். இரவில் பயம் வந்தால், "நாளைக்கு அஸருக்குப் பிறகு வா" என்பேன். பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் தூக்கம் வருகிறது.

இது ஈமான் குறைவல்ல, கற்றுக்கொள்ளும் பழக்கம். பேச ஆளில்லாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். மற்றவர்கள், நோயாளியிடம் "அழாதே" என்னாமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.